தள்ளாதே, இழு

பேனா சுழற்றுவதில் எல்லோரும் முதலில் கற்றுக்கொள்வது, கட்டைவிரலைச் சுற்றிப் பேனாவை ஒரு முழுச் சுற்று வரவைப்பதை. உலகமெங்கும் அதற்குத் 'தம்ப் அரவுண்ட்' என்று பெயர். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அது வெறும் 'சுத்து'தான். எழுதுவதற்குப் பிடிப்பதைப் போலவே கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றாலும் பேனாவைப் பிடிக்க வேண்டும். நடுவிரலை உள்ளங்கைப் பக்கமாக வெடுக்கென்று மடக்க வேண்டும். அதே நேரத்தில் ஆள்காட்டி விரல் ஒதுங்கி வழிவிட வேண்டும். பேனா கட்டைவிரலின் மேல் புரண்டு, ஒரு சுற்று முடித்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவரும்.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகளிடம்தான் இதைக் கற்றேன். "மாமா, தள்ளாதீங்க, இழுங்க" என்பது அவள் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். முழு வித்தையும் அதில் இருக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் பேனாவை விரலால் தள்ளுகிறார்கள். தள்ளினால் அது நேராகப் பறந்துபோகும், சுற்றாது. நடுவிரல் தன் பக்கம் இழுக்கும்போது பேனாவின் ஒரு முனை உள்ளே வருகிறது, மறுமுனை வெளியே வளைந்து போகிறது. அப்போதுதான் சுழற்சி உண்டாகிறது. அதற்கு மிகக் கொஞ்சம் விசை போதும். கட்டைவிரல் நீண்டு, அசையாமல் நிற்க வேண்டும்.

இன்னொன்றும் சொன்னாள். முதலில் பிடிப்பதைப் பற்றி நினைக்கவே கூடாதாம். பேனா ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கீழே விழட்டும், அதுவே தேர்ச்சி. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி சுற்றி ஒரே இடத்தில் விழத் தொடங்கிய பிறகு, பிடிப்பது தானாகவே வந்துவிடுகிறது. கட்டிலில் விரித்த போர்வைமேல் பழகினால் பேனாவும் உடையாது, சத்தமும் இருக்காது.

தாராசுரத்தில் இருந்துகொண்டு இதைக் கற்கும்போது, பக்கத்து வீட்டுக் கைகளைப் பார்க்காமல் இருக்க முடியாது. இது பட்டு நெசவு ஊர். சௌராஷ்டிரக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தறி ஓட்டும் தெருக்கள். தறியில் ஒரு பாவு தீர்ந்து அடுத்த பாவு ஏறும்போது, பழைய இழையின் நுனியோடு புதிய இழையின் நுனியை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். பட்டுப் பாவில் இழைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். அத்தனையும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து போடும் ஒரே ஒரு முறுக்கில்தான் இணைகின்றன. அழுத்தினால் இழை அறும், விட்டுப்பிடித்தால் முறுக்கு அவிழும். பிணைக்கிறவர் பக்கத்தில் இருப்பவரோடு வீட்டு விஷயம் பேசிக்கொண்டே இருப்பார். விரல்கள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். எந்த அளவு விசை என்பதை அவருக்கு யாரும் வாயால் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. சிறு வயதில் இழைகளை அறுத்து அறுத்துத்தான் அந்த அளவு விரலில் ஏறியிருக்கும்.

பேனா சுழற்றுவதும் அந்த வகைக் கல்விதான் என்று நான் நம்புகிறேன். ஒன்று குடும்பத்துக்குச் சோறு போடும் தொழில், மற்றது விளையாட்டு. இரண்டும் சமமல்ல. ஆனால் விரல் கற்கும் வழி இரண்டிலும் ஒன்றுதான். எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜராஜன் எழுப்பிய ஐராவதேஸ்வரர் கோயிலில் மணிக்கணக்கில் நிற்கிறார்கள். 2004-இல் அது யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களில் சேர்ந்தது. சின்னஞ்சிறு நாயன்மார் சிற்பங்களைக் குனிந்து பார்த்து, எப்படித்தான் செதுக்கினார்களோ என்று வியக்கிறார்கள். அதே ஊர்த் தெருவில் இன்றும் வேலை செய்யும் விரல்களைப் பார்க்காமலே வண்டி ஏறிவிடுகிறார்கள். அது எனக்கு வருத்தம் தருகிறது.

பேனா சுழற்றும் பழக்கம் பெரிதாக வளர்ந்தது ஜப்பானில். கல்லூரி நுழைவுத் தேர்வில் தவறி, மறு ஆண்டுக்காகப் படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களை அங்கே 'ரோனின்' என்பார்கள். தலைவன் இல்லாத சாமுராய்க்கு இருந்த பழைய பெயர் அது. புத்தகத்தின் முன் நாளெல்லாம் உட்கார்ந்திருந்த அவர்களின் கை இதையே செய்துகொண்டிருந்ததால், பேனா சுழற்றுவதற்கே அவர்கள் பெயர் ஒட்டிக்கொண்டது. ஜப்பானில் தேசிய அளவில் போட்டியும் நடந்தது. பொம்மை நிறுவனமான டக்காரா டோமி சுழற்றுவதற்கென்றே பேனா செய்து விற்றது.

அந்தச் சிறப்புப் பேனாக்களின் சூட்சுமம் எளியது. நீளம் கூடுதலாக இருக்கும், எடை இரண்டு முனைகளிலும் சமமாக இருக்கும். எடை முனைகளில் இருந்தால் சுழற்சி நிதானமாகவும் தடுமாறாமலும் இருக்கும், விரலுக்கு நேரம் கிடைக்கும். நம் கடைப் பேனாவில் இதைச் செய்ய முடியும். ஒரே ரகத்தில் இரண்டு பேனா வாங்குங்கள். வெள்ளை உடலும் நீல மூடியுமான பழைய ரெனால்ட்ஸ் போதும். இரண்டு மூடிகளையும் ஒரே பேனாவின் இரு முனைகளிலும் செருகினால் எடை சமனாகிவிடும். மை சிந்தாது, முனை யார் கண்ணிலும் குத்தாது. சீவாத பென்சிலும் தொடங்குவதற்கு நல்லது. கிளிப் பெரிதாக உள்ள பேனா விரலில் தட்டும், அதைத் தவிர்க்கலாம்.

'சுத்து' கைவந்த பிறகு போக வழிகள் பல. 'சோனிக்' என்பதில் நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவிலிருந்து பேனா ஆள்காட்டி விரல் பக்கம் தாவும். 'சார்ஜ்' என்பதில் பேனாவை விடவே வேண்டாம். இரண்டு விரல்களுக்கு இடையே இடுக்கிக்கொண்டு மணிக்கட்டால் சிறிதாக வட்டமிட்டால், சிலம்பக் கம்பு போல இரு முனைகளும் காற்றில் வட்டம் போடும். சிறு கை உள்ள பிள்ளைகளுக்கு 'சுத்து'வைவிட இதுவே சுலபமாக வருகிறது. அவர்கள் இதில் தொடங்குவது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

பள்ளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேனா சுழற்றும் பிள்ளை பாடம் கவனிக்கவில்லை என்று ஆசிரியர்கள் கோபப்படுகிறார்கள். பேனாவைப் பிடுங்குவதும் உடைப்பதும் நடக்கிறது. அந்தக் கோபத்தில் பாதி நியாயம். நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் அறையில் பேனா திரும்பத் திரும்பக் கீழே விழுந்தால் பக்கத்தில் இருப்பவருக்கு இடைஞ்சல்தான், தேர்வறையில் இன்னும் மோசம். ஆனால் இடைவேளையிலும் அதே பேனாவைப் பிடுங்குவதில் நியாயமில்லை. திரையைத் தேய்க்க மட்டுமே பழகிவரும் விரல்கள், யாரும் சொல்லாமல், மதிப்பெண்ணும் இல்லாமல், ஒரு கடினமான அசைவைத் தாங்களாகவே கற்கின்றன. அதைத் தடுப்பது தவறு.

ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் இதுதான்: பாட நேரத்தில் பேனா மேசைமேல் இருக்கட்டும், மணி அடித்த பிறகு சுழலட்டும். பெற்றோரே, மூடியுள்ள பேனாவாக இரண்டு வாங்கிக் கொடுங்கள். பிள்ளை சுழற்றிக் காட்ட வந்தால் கைபேசியைக் கீழே வைத்துவிட்டு, உங்களுக்கும் சொல்லித்தரக் கேளுங்கள்.