ஞாயிறு புலம்பல்: பொட்டிக்கு முதலாளி யாரு?

பனிச்சறுக்குல விழுந்து வாரின கதையோட மிச்சத்தை இந்த வாரம் சொல்றேன்னு சொல்லியிருந்தேன். மன்னிச்சுக்கோங்க. அதைவிடப் பெரிய விழுப்புண் ஒண்ணு பட்டிருக்கு, முதல்ல அதைக் கொட்டிடறேன்.

என் முதுகலை ஆய்வு, ஒரு பனியாறு எவ்வளவு வேகமா உருகுதுன்னு கணக்குப் போடறது. மொத்தம் 60 மணி நேரம் ஓட வேண்டிய கணக்கு. வியாழன் சாயங்காலம் ஏழு மணிக்கு மடிக்கணினியில ஓட விட்டேன். ஞாயிறு காலையில காபியும் கையுமா வந்து பார்த்தா, திரையில "வரவேற்கிறோம்! புதிய வசதிகளைப் பாருங்கள்". ராத்திரி மூணு மணிக்குத் தானே அப்டேட் பண்ணி, தானே ரீஸ்டார்ட் ஆகி, சமர்த்தா உக்காந்திருக்கு. 56 மணி நேரக் கணக்கு கோவிந்தா! பதிலுக்குக் கிடைச்ச புதிய வசதி, திரையோட அடியில நான் கேக்காத ஒரு பொத்தான். அவ்வ்வ்வ்...

நடுநடுவுல சேமிச்சு வைக்காதது என் தப்புதான். சொந்த செலவுல சூனியம், ஒத்துக்கறேன். எந்தக் கம்பெனி பொட்டின்னு கேக்காதீங்க. இன்னிக்கு எல்லாப் பொட்டியும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான்.

வயிறு எரியறதுக்குக் காரணம் இந்த ஊரு. இங்க ஞாயித்துக்கிழமை கண்ணாடி பாட்டிலைத் தொட்டியில போடக்கூடாது, சத்தம் கேக்கும். ராத்திரி பத்து மணிக்கு மேல மூச்! எங்க அடுக்ககத்துல துணி துவைக்கணும்னா கீழ்த்தளத்துல தொங்கற அட்டவணையில பேர் எழுதி நேரம் வாங்கணும். என் நேரத்துல வேற யாரும் அந்த மெஷின் மேல கை வைக்க மாட்டாங்க. குழாய் ரிப்பேர்னா பல நாள் முன்னாடியே வாசல்ல நோட்டீஸ். அப்பேர்ப்பட்ட ஊர்ல, நான் காசு குடுத்து வாங்கின பொட்டி, ஞாயிறு விடிகாலை மூணு மணிக்கு என்னைக் கேக்காம வேலையை நிறுத்துது!

ஸ்விஸ்ஸை விடுங்க. நம்ம ஊர் பேப்பர்ல "மாதாந்திரப் பராமரிப்பு, மின்தடை"ன்னு ஊர் பேர், தெருப் பேர், நேரத்தோட அறிவிப்பு வரும்ல? அதைப் பார்த்துட்டு அம்மா முதல் வேலையா மாவு அரைச்சு, டேங்குக்குத் தண்ணி ஏத்தி வச்சுடுவாங்க. பராமரிப்பு வேணாம்னு யாரும் சொல்றதில்லை. எப்பன்னு முன்னாடியே தெரிஞ்சா போதும்.

புலம்பறதுக்கு கும்பகோணத்துக்கு போன் போட்டேன். அப்பா அங்க சின்னதா ஜெராக்ஸ் கடை வச்சிருக்கார். கதையைக் கேட்டுட்டு சிரிச்சார்.

"உனக்கும் ஆச்சா? இங்க போன மார்ச்சுல பரீட்சை நேரம், ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுக்கப் பதினைஞ்சு புள்ளைங்க நிக்குதுங்க. இது சுத்திக்கிட்டே இருக்கு, முக்கா மணி நேரம். அணைக்காதேன்னு வேற சொல்லுது. மறுநாளே சர்வீஸ் பையனைக் கூப்பிட்டு அந்த அப்டேட்டை அடியோட நிறுத்தச் சொல்லிட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "அப்பா, ஒரு வருஷமா அப்டேட்டே இல்லையா?"

"நிம்மதியா இருக்குடா!"

அப்பா கடைப் பொட்டியில தினம் ஊர்ப்பட்ட பென் டிரைவ் ஏறி இறங்குது. பாதி ஊரோட ஆதார் நகல் அதுல கிடக்குது. நிம்மதி அவருக்கு, அடிவயிறு கலங்கறது எனக்கு.

வான்னாக்ரை ஞாபகம் இருக்கா? 2017 மே 12. கோப்பையெல்லாம் பூட்டி வச்சுட்டு பணம் கேட்ட புழு. அது நுழைஞ்ச ஓட்டையை அடைக்கற அப்டேட்டை, அப்போ ஆதரவுல இருந்த விண்டோஸ்களுக்கு மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச்சுலயே கொடுத்துடுச்சு. போடாதவங்க மாட்டினாங்க. பிரிட்டன்ல ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்புச்சு. ஆந்திராவுல சில போலீஸ் ஸ்டேஷன் கம்ப்யூட்டர்கள் வரைக்கும் வந்துச்சு.

சரி, அப்போ எல்லாத்தையும் கண்ணை மூடிக்கிட்டு உடனே போட்டுக்கலாமா? அதுக்கும் ஒரு கதை இருக்கு. 2024 ஜூலை 19, இங்க காலை 6:09. க்ரவுட்ஸ்ட்ரைக்ங்கற பாதுகாப்பு நிறுவனம் தன் மென்பொருளுக்கு ஒரு சின்னக் கோப்பை அனுப்புச்சு. 78 நிமிஷத்துல திருப்பி எடுத்துட்டாங்க. அதுக்குள்ள, மைக்ரோசாஃப்ட் மதிப்பீட்டுப்படி, சுமார் 85 லட்சம் விண்டோஸ் பொட்டிகள் படுத்தாச்சு. சூரிக் விமான நிலையத்துல தரையிறங்கறதையே கொஞ்ச நேரம் நிறுத்தி வச்சாங்க. நம்ம ஊர்ல இண்டிகோக்காரங்க கையால போர்டிங் பாஸ் எழுதிக் குடுத்தாங்க. காரணம் என்னன்னா, புதுக்கோப்பு 21 உள்ளீடு இருக்கும்னு நினைச்சுது, மென்பொருள் கொடுத்தது 20. இல்லாத இருபத்தோராவதைத் தேடிப் போய் விழுந்துடுச்சு. "எங்களுக்குப் புதுசு வேணாம், ஒரு பதிப்பு பின்னாடியே இருக்கோம்"னு ஜாக்கிரதையா இருந்தவங்களும் தப்பலை. இந்த வகைக் கோப்பு மட்டும் அந்த ஏற்பாட்டுக்குள்ள வராம எல்லாருக்கும் ஒரே நேரத்துல போயிருக்கு. அதுக்கப்புறம்தான், இனிமே படிப்படியா அனுப்புவோம், வாடிக்கையாளர் கையில கட்டுப்பாடு குடுப்போம்னு சொன்னாங்க.

என் ஆதங்கம் இதுதான். ஓட்டையை அடைக்கறது மருந்து. புதுப் பொத்தான் விளம்பரம். ரெண்டையும் ஒரே பையில போட்டு, நேரமும் கேக்காமத் திணிச்சா, எங்கப்பா மாதிரி ஆளுங்க பையோட சேர்த்து மருந்தையும் தூக்கிப் போட்டுடறாங்க. 2016-ல விண்டோஸ் 10-க்கு மாறச் சொல்லி வந்த ஜன்னல்ல, மூடறதுக்கு பெருக்கல் குறியை அழுத்தினாலே சம்மதம்னு எடுத்துக்கிட்டாங்க. அதே வருஷம், தான் கேக்காமலே வந்த அந்த மாற்றத்தால கடைப் பொட்டி கெட்டுப்போச்சுன்னு கலிஃபோர்னியாவுல டிராவல் ஏஜென்சி நடத்தின ஒரு பெண்மணி வழக்குப் போட்டு, மைக்ரோசாஃப்ட் கிட்டேர்ந்து 10,000 டாலர் வாங்கின செய்தி வந்துச்சு. இதையெல்லாம் பார்த்தவன் அடுத்த தடவை "அவசர அப்டேட்"னு வந்தா நம்புவானா?

ஒரு நல்ல சேதியும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தோட சைபர் ரெசிலியன்ஸ் சட்டம் 2024 டிசம்பர்ல அமலுக்கு வந்துச்சு. அதோட முக்கிய விதிகள் 2027 டிசம்பர் 11-லேர்ந்து கட்டாயம். முடிஞ்சவரை பாதுகாப்பு அப்டேட்டை வசதி அப்டேட்லேர்ந்து பிரிச்சுத் தரணும். தானா நடக்கலாம், ஆனா வேணாம்னு சொல்ல எளிய வழியும், தள்ளிப்போட ஒரு வழியும் இருக்கணும். ஸ்விஸ் அந்த ஒன்றியத்துல இல்லைதான். ஆனா அங்க விக்கறவங்க இந்த எண்பது, தொண்ணூறு லட்சம் பேருக்குன்னு தனியா ஒரு பொட்டி செய்யப் போறதில்லைன்னு ஒரு நப்பாசை.

அதுவரைக்கும்? நேத்து அப்பாவோட ஒண்ணரை மணி நேரம் போன்ல மல்லுக்கட்டி, அப்டேட்டைத் திரும்பவும் திறந்தாச்சு. கடை நேரத்துல ரீஸ்டார்ட் ஆகக்கூடாதுன்னு வச்சாச்சு. ஞாயித்துக்கிழமை கடை லீவு, அன்னிக்குப் பொட்டியைப் போட்டு விட்டுட்டு சாப்பிடப் போகணும்னு ஒப்பந்தம். ஆதார் நகலையெல்லாம் அன்னன்னிக்கு அழிக்கணும்னும் சொல்லியிருக்கேன். "ஞாபகப்படுத்து"ன்னார். அப்போ அதுவும் என் தலையில.

என் பனியாறு மறுபடி ஓடிக்கிட்டிருக்கு. இந்தத் தடவை மணிக்கொரு முறை சேமிக்குது, அப்டேட்டை ஒரு வாரம் தள்ளி வச்சிருக்கேன். புதன் காலையில முடியணும். பனிச்சறுக்கு அடுத்த ஞாயிறு, பொட்டி மனசு வச்சா :-)