அந்த 16 சதவீதம் எங்கும் பறிபோகவில்லை

காலை எடுத்தால் ஸ்கேனரில் 15 சதவீதம், அடிவரை மிதித்தால் 84. ஆகவே த்ராட்டில் முழுதாக மூடுவதும் இல்லை, முழுதாகத் திறப்பதும் இல்லை. நாம் காசு கொடுத்து வாங்கிய சக்தியில் 16 சதவீதத்தைக் கார் கம்பெனி பூட்டி வைத்திருக்கிறது. சென்ற இதழில் வந்த ட்யூனிங் கட்டுரையின் மொத்த வாதமும் இவ்வளவுதான். இதற்கு அதை எழுதியவர் சொல்லும் வைத்தியம்: த்ராட்டில் பாடியின் ஸ்டாப் ஸ்க்ரூவை ராவி 0 வரவையுங்கள், எஞ்சின் கணினியான ஈசியூவின் மேப்பில் கட்டத்துக்குக் கட்டம் 100 போடுங்கள், இரண்டும் முடியாவிட்டால் பெடல் பாக்ஸ் வாங்குங்கள். வாதம் தவறு என்பதோடு நின்றிருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். அந்த வைத்தியத்தை நம்பி யாராவது அரத்தைக் கையில் எடுப்பார்கள் என்பதால் எழுதுகிறேன்.

அவர் படித்த எண், த்ராட்டில் தகடு எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் எண்ணே அல்ல. தகட்டின் நிலையை அளக்கும் சென்சாருக்கு ஈசியூ 5 வோல்ட் கொடுக்கிறது. அதில் எத்தனை பங்கு திரும்பி வருகிறது என்பதைத்தான் எஸ்ஏஇ ஜே1979 தரத்தின் 11ஆம் எண் அளவீடு சதவீதமாகக் காட்டுகிறது. மூடியபோது 0.75 வோல்ட் வந்தால் 15. முழுதாகத் திறந்து 4.2 வோல்ட் வந்தால் 84. இரண்டு ஓரத்திலும் இடம் விட்டிருப்பது வேண்டுமென்றே செய்தது. ஒயர் அறுந்தாலோ பாடியில் உரசி ஷார்ட் ஆனாலோ வோல்ட் 0 பக்கமோ 5 பக்கமோ ஓடிவிடும். அந்த ஓரங்களுக்குள் போனால் சென்சார் பொய் சொல்கிறது என்று ஈசியூ முடிவு செய்யும். பி0122, பி0123 பிழைக் கோடுகள் பிறப்பது அங்கேதான். மூடிய நிலையையே 0 ஆக்கிவிட்டால், ஓட்டுநர் காலை எடுத்தாரா, ஒயர் அறுந்ததா என்று ஈசியூ எதை வைத்துப் பிரித்தறியும்? திருட்டு என்று அவர் பெயர் சூட்டியது காவலுக்கு.

அதே ஸ்கேனரில் 45ஆம் எண் அளவீடு இருக்கிறது: கற்றுக்கொண்ட மூடிய நிலையைக் கழித்துவிட்டுக் காட்டும் அளவு. 49இல் ஆக்சிலரேட்டர் பெடலின் நிலை. 4சி-யில் ஈசியூ த்ராட்டிலுக்கு இட்ட கட்டளை. எல்லா வண்டியும் எல்லாவற்றையும் தராது. ஆனால் கிடைப்பவற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் ட்யூனிங்கின் முதல் வேலை. அவர் ஒன்றைக்கூடத் தொடவில்லை. போதாததற்கு, எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பி அளந்திருக்கிறார். மோட்டார் இயக்கும் த்ராட்டிலில் கட்டளை இல்லாதபோது ஸ்ப்ரிங் தகட்டைச் சற்றே திறந்து நிறுத்தும். மோட்டார் பழுதானாலும் வண்டி ஓரமாக ஊர்ந்து போகட்டும் என்பதற்காக. அந்த நிலையை ‘மூடியது’ என்று எண்ணி அவர் கணக்குப் போட்டிருக்கிறார்.

அடுத்தது 100 போடும் யோசனை. இதற்குக் கொஞ்சம் கணக்கு வேண்டும், அவர் போடாத கணக்கு. 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள த்ராட்டிலில் தகடு குழாய்க்குக் குறுக்கிலிருந்து 45 டிகிரி திரும்பினால் திறக்கும் பரப்பு ஏறக்குறைய 29 சதவீதம்தான். குறைவாகத் தெரிகிறதா? 1.2 லிட்டர் எஞ்சின் 1500 ஆர்பிஎம்மில் நொடிக்கு அதிகபட்சம் 15 லிட்டர் காற்றைத்தான் இழுக்கும். அந்தத் திறப்பு வழியே அது போகும்போது அழுத்தம் குறைவது ஏறக்குறைய ஒரு கிலோபாஸ்கல்தான். அதாவது மானிஃபோல்டில் வெளிக்காற்றின் அழுத்தம் கிட்டத்தட்ட அப்படியே வந்துவிட்டது. இதற்கு மேல் தகட்டை எவ்வளவு திறந்தாலும் எஞ்சினுக்குள் புதிதாகப் போக எதுவும் இல்லை. 6000 ஆர்பிஎம்மில் அதே திறப்பில் 10 கிலோபாஸ்கல் அளவுக்கு இழக்கிறோம், அங்கே முழுத் திறப்பு தேவை. திறப்பும் சக்தியும் ஒரே நேர்கோட்டில் ஏறும் என்பது அவர் கற்பனை. லாகில் அழுத்தத்தையும் ஆர்பிஎம்மையும் சேர்த்துப் பார்த்திருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும்.

1990களின் பிற்பகுதியில் வந்த பாஷ் எம்இ7 வகை ஈசியூக்களிலிருந்து பெடல் கேட்பது த்ராட்டிலை அல்ல, டார்க்கை. பெடலும் ஆர்பிஎம்மும் சேர்ந்து தேவையான டார்க், அதிலிருந்து தேவையான காற்று, அதிலிருந்து தகட்டின் கோணம் என்று கணக்கு போகிறது. பெடல் முழுதாக மிதிபட்டும் த்ராட்டில் பாதியில் நின்றால் யாரோ டார்க்கைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள்: கியர்பாக்ஸ் பாதுகாப்பு, டிராக்ஷன் கன்ட்ரோல், டர்போவில் மிஞ்சிய பூஸ்ட். யார் சொன்னது என்று தேடுபவர் ட்யூனர். தேடாமல் கடைசிக் கட்டத்தில் 100 போட்டால், கேட்ட டார்க்குக்கு மேல் எஞ்சின் தருகிறதா என்று தனியே கண்காணிக்கும் அடுக்கு விழித்துக்கொள்ளும். எரிபொருளை வெட்டும், வண்டி லிம்ப் மோடில் விழும். முந்திச் செல்லும் நேரத்தில், எதிரே லாரி வரும்போது விழுந்தால் என்ன ஆகும் என்று ஒரு வரி எழுதினாரா?

பெடல் பாக்ஸைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. கால் மிதிப்பதை மிகைப்படுத்தி ஈசியூவிடம் சொல்கிறது, அவ்வளவே. அடிவரை மிதித்தபின் மிகைப்படுத்த ஏதுமில்லை.

என்னைக் கோபப்படுத்தியது ஸ்க்ரூதான். கம்பெனி பெயின்ட் வைத்துச் சீல் செய்த அந்த ஸ்டாப், தகடு குழாய்ச் சுவரில் போய் ஆப்பாகச் சிக்காமல் தடுக்க இருக்கிறது. அதை ராவினால் தகடு சுவரைச் செதுக்கும். பிறகு ஒரு நாள் மூடிய இடத்தில் இறுகும், அல்லது விடுபடும்போது வெடுக்கென்று தாவும். ஆதாயம் பூஜ்யம், ஏனென்றால் ஈசியூ புதிய மூடிய நிலையையும் கற்றுக்கொண்டு அங்கிருந்தே எண்ணத் தொடங்கும். கற்க முடியாத அளவு தள்ளிப்போனால் கோடு போடும். ஐடிலில் த்ராட்டில் வழக்கத்தைவிட அதிகம் திறந்து நின்றால் முதலில் கார்பன் படிவைச் சுத்தம் செய்து, ஈசியூ மூடிய நிலையை மறுபடி கற்க அந்த வண்டிக்குரிய முறையில் அடாப்டேஷன் ஓட்ட வேண்டும். அந்தச் சாதாரண வேலை அவர் கட்டுரையில் எங்கும் இல்லை.

கட்டுரையாளர் அடுத்த இதழில் அந்த ஸ்க்ரூ பகுதியைத் திரும்பப் பெற வேண்டும், அதே அளவு இடத்தில். அதைப் படித்து ஏற்கெனவே ராவிவிட்டவர்கள் ஸ்க்ரூவைத் திருகிப் பழைய நிலைக்குக் கொண்டுவர முயல வேண்டாம், அளவு போனது போனதுதான். த்ராட்டில் பாடியை மாற்றி அடாப்டேஷன் முடியும்வரை அந்த வண்டியை மலைப்பாதைக்கோ நெடுஞ்சாலைக்கோ எடுக்காதீர்கள்.