பெட்டிக்குள் உறங்கும் கிதாபுகள்

மருதமுனையில் ஒரு வீட்டில் பழைய மரப்பெட்டியொன்றைத் திறந்து காட்டினார்கள். வெள்ளைத் துணியில் பொதிந்த ஏடுகள் சில இருந்தன. எல்லாம் குர்ஆன் என்றே வீட்டார் எண்ணியிருந்தனர். எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஒன்று அரபுத்தமிழ் நூல். எழுத்து அரபு, மொழி தமிழ். வாசிக்கக் கேட்ட மூதாட்டி, "மகன், இது நம்மட பேச்செல்லோ!" என்று வியந்தார்.

அந்த வியப்பு என்னை வருத்தியது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோர் மார்க்கச் சட்டங்களையும் இவ்வெழுத்திலேயே எழுதினர். அரபு எழுத்து மட்டுமே ஓதக் கற்ற பெண்களும் தம் தாய்மொழியில் அறிவு பெற அது வழிசெய்தது. இன்று அதை வாசிப்போர் அருகிவருகின்றனர்.

நைந்த குர்ஆன் ஏடுகளை மரியாதையுடன் மண்ணில் அடக்குவது நம் வழக்கம். அரபு எழுத்தைக் கண்டதும் தமிழ் நூலும் அவற்றோடு அடக்கமாகிவிடலாம். அறியாத பக்தியும் நூலுக்குக் கறையானே.

இங்கே ஒரு சிறு சமயக் குழுவை நினைவூட்டுவேன். குவேக்கர் என்னும் கிறித்தவர்கள் இங்கிலாந்தில் சிறைப்பட்டும் தண்டிக்கப்பட்டும் வாழ்ந்த காலத்தில், 1673ஆம் ஆண்டு, இலண்டனில் கூடி ஒரு முடிவு செய்தனர்: தம்மவர் எழுதும் ஒவ்வொரு நூலிலும் இரண்டு பிரதிகள் சேர்த்தல், தம்மை எதிர்த்து எழுதப்படுவதிலும் ஒரு பிரதி சேர்த்தல். அந்நூலகம் இன்றும் இலண்டனில் இருக்கிறது. அவர்களைக் காட்டிலும் நமக்கு நூற்பற்றுக் குறைவில்லை. அவர்களிடம் இருந்தது ஒழுங்கு. நம்மிடம் இல்லாதது அதுவே.

ஒற்றைப் பிரதியின் கதி நாம் அறியாததன்று. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தைத் தீ தின்றது. 2004 டிசம்பர் 26இல் கல்முனைக் கரையைக் கடல் விழுங்கியது. அன்று மனிதரையே காக்க இயலாதபோது ஏடுகளைத் தேடியவர் யார்?

"முன்னோர் பொருளைப் பிறரிடம் கொடுப்பதா?" என்று சிலர் தயங்குகின்றனர். தயக்கம் நியாயமே. மூலம் வீட்டிலேயே இருக்கட்டும். பள்ளிவாசல் தோறும் ஒரு பட்டியல் எழுதுவோம். ஒவ்வோர் ஏட்டையும் படம் பிடிப்போம். 2005 முதல் ஈழத்து நூல்களை மின்வடிவில் காத்துவரும் நூலக நிறுவனம் போன்றவற்றில் ஒரு பிரதியும், கடல் எட்டாத ஊரொன்றில் ஒரு பிரதியும் சேரட்டும்.

ஆசிரியர்களே, அதற்குமுன் ஒரு வேலை உண்டு. உங்கள் வகுப்பில் இருவருக்கேனும் அரபுத்தமிழ் வாசிக்கக் கற்பியுங்கள். வாசிக்க ஆளில்லாத நூலைப் பெட்டியும் காக்காது, படமும் காக்காது.