பொறி வைத்தவர் எண்ண வேண்டும்

பெரம்பலூர்ப் பக்கம் இருக்கும் என் சித்தப்பாவின் பருத்திக்காட்டிற்குச் சில வருடங்களுக்கு முன் போயிருந்தேன். வரப்போரம் ஊன்றிய கழியில் ஒரு புனலும், அதன் கீழ் காலுறை போல் நீண்ட நெகிழிப் பையும் தொங்கிக்கொண்டிருந்தன. பைக்குள் பழுப்பு நிற அந்துப்பூச்சிகள் செத்துக் கிடந்தன. இனக்கவர்ச்சிப் பொறி. "ரெண்டு ஏக்கருக்கு நாலு போதும்னு கடைக்காரர் சொன்னார். பூச்சி விழத்தான் விழுது, ஆனா காயை உடைச்சா உள்ள பூராவும் புழு. சும்மா ஏமாத்து வேலை" என்றார் சித்தப்பா. மறுநாள் காலை கைத்தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டு, முகத்தில் ஒரு துண்டுகூடக் கட்டாமல், மருந்தடிக்கக் கிளம்பிவிட்டார்.

"தினம் எத்தனை பூச்சி விழுந்தது சித்தப்பா?" என்று கேட்டேன். "அதை யாருடா எண்ணுவா?" என்றார்.

இந்த ஒரு கேள்வியில்தான் எல்லாமே தங்கியிருக்கிறது என்பது என் எண்ணம்.

அந்தப் புனலுக்குள் இருக்கும் சிறு ரப்பர் குப்பியின் பின்னால் நீண்ட வரலாறு உண்டு. பிரான்சின் ஃபாபர் தன் வீட்டில் ஒரு பெண் அந்துப்பூச்சியை வலைக்கூண்டில் அடைத்து வைத்தபோது, அன்றிரவே ஏறக்குறைய நாற்பது ஆண்பூச்சிகள் இருளில் தேடி வந்ததை எழுதியிருக்கிறார். அந்த அழைப்பின் வேதிப்பொருளைப் பிரித்தெடுக்க 1959 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜெர்மனியின் பூட்டெனாண்ட் குழுவினர் சுமார் 5 லட்சம் பெண் பட்டுப்பூச்சிகளிலிருந்து சில மில்லிகிராம் மட்டுமே எடுக்க முடிந்தது. பருத்தியின் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கு உரிய மணம் 1973இல் அடையாளம் காணப்பட்டது. சித்தப்பாவின் கழியில் தொங்கியது அதன் செயற்கை வடிவம்தான்.

அந்த மணத்துக்கு வருபவை ஆண்பூச்சிகள் மட்டுமே. முட்டையிடுபவை வருவதில்லை. ஓர் ஆண் பல பெண்களைக் கூடும் என்பதால், பாதி ஆண்கள் செத்தாலும் மீதிப் பாதி வேலையை முடித்துவிடும். போதாததற்கு, கருவுற்ற பெண்பூச்சிகள் பக்கத்துக் காட்டிலிருந்து பறந்து வரும். அவற்றுக்கு வரப்பு தெரியாது. ஆகவே இரண்டு ஏக்கரில் நான்கு பொறி வைத்துப் புழுவை ஒழிக்க முடியாது. கண்காணிப்பதற்கு அந்த நான்கு தாராளமாகப் போதும். பிடித்துக் குறைக்க வேண்டுமென்றால் அதைப்போல் பல மடங்கு வேண்டும், அதுவும் ஊர் முழுக்க வைத்தால்தான் பயன். கடைக்காரர் சொன்ன எண்ணிக்கை சரி. அது எதற்கான எண்ணிக்கை என்பதைத்தான் அவர் சொல்லவில்லை.

தமிழில் 'பொறி' என்ற சொல் எலிப்பொறியையும் குறிக்கிறது, ஐம்பொறிகளையும் குறிக்கிறது. நாம் இந்தக் கருவியை முதல் பொருளில் மட்டும் எடுத்துக்கொண்டோம். இது விவசாயிக்குக் கூடுதலாகக் கிடைத்த ஒரு மூக்கு என்று கொள்வதே பொருத்தம். இளஞ்சிவப்புக் காய்ப்புழு முட்டையிலிருந்து வந்த சிறிது நேரத்தில் பூவுக்குள்ளோ காய்க்குள்ளோ நுழைந்துவிடும். அதன்பின் எந்த மருந்தை அடித்தாலும் காயின் மேல்தோலோடு சரி. அந்தச் சிறிது நேரம் எப்போது வரும் என்பதைப் பொறி சொல்கிறது. ஒரு பொறியில் இரவுக்கு 8 பூச்சி வீதம் தொடர்ந்து மூன்று நாள் விழுந்தால் நடவடிக்கை தேவை என்பது பரிந்துரை. எண்ணாதவருக்கு அந்தப் பை வெறும் குப்பைத்தொட்டி.

மஞ்சள் அட்டையின் கதையும் இதுதான். பிசின் தடவிய அந்த அட்டைக்கு வெள்ளை ஈ, அசுவினி, தத்துப்பூச்சி வரும், இலைப்பேனுக்கு நீலம். இளந்தளிரைவிடத் தளிராகத் தெரியும் ஒரு நிறம் அவற்றை ஏமாற்றுகிறது. காய்ப்புழுவின் அந்துப்பூச்சியை அது கட்டுப்படுத்தாது என்று தெரியாமல் அதையும் வாங்கி மாட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். தவிர, அட்டைக்கு நல்லது கெட்டது தெரியாது. ஒட்டுண்ணிக் குளவிகளும் பொறிவண்டுகளும்கூட அதில் ஒட்டிச் சாகும். அதிகம் மாட்டினால் அதிக நன்மை என்று நினைப்பது தவறு.

பொறியாலேயே பூச்சியை ஒழித்த இடங்கள் இல்லாமல் இல்லை. பீகாரின் பூசாவில் பணியாற்றிய ஹௌலெட், சிட்ரோனெல்லா எண்ணெயை நாடி ஆண் பழஈக்கள் மொய்ப்பதை 1912இல் எழுதினார். அதன் தொடர்ச்சியாக மெத்தில் யூஜினால் என்ற பொருள் அடையாளம் காணப்பட்டது. 1965இல் பசிபிக்கின் ரோட்டா தீவில் அதே பொருளோடு நஞ்சைக் கலந்து வைத்துப் பழஈயை அறவே ஒழித்தார்கள். ஆனால் அது தீவு, சுற்றிலும் கடல். நம் பருத்திக்காட்டைச் சுற்றிலும் இருப்பது பங்காளிகளின் பருத்திக்காடு. அமெரிக்கா 2018இல் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவை ஒழித்துவிட்டதாக அறிவித்தபோது, அதன் பின்னால் மணமும் இருந்தது, பி.டி. பருத்தியும் இருந்தது, மலடாக்கப்பட்ட பூச்சிகளைப் பறக்கவிட்டதும் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, பருத்தி விளையும் மாவட்டங்கள் முழுக்க விவசாயிகள் சேர்ந்து செலவு செய்ததும் இருந்தது.

இங்கே பி.டி. பருத்தி 2002இல் வந்தது. அந்தப் புழு அதை மெல்ல வென்றுவிட்டது. மருந்துப் புட்டிகள் திரும்பி வந்தன. 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாள் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் 20க்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். துண்டுகூடக் கட்டாமல் கிளம்பிய சித்தப்பாவைப் பார்த்தபோது எனக்கு அந்தச் செய்திதான் நினைவுக்கு வந்தது. பொறி பொய்த்துவிட்டதாக ஒருவர் முடிவுசெய்யும்போது அவர் போகுமிடம் இயற்கை விவசாயம் அல்ல, மருந்துக்கடை.

மானியத்தில் பொறிகளை அள்ளிக் கொடுப்பதைவிட, ஊருக்கு ஒருவரை எண்ணுவதற்கு நியமித்துச் சம்பளம் கொடுப்பது உத்தமம் என்றே நினைக்கிறேன். பஞ்சாயத்துச் சுவரில் தினமும் அந்த எண்ணை எழுதிப் போடலாம். குப்பியின் மணம் சில வாரங்களில் தீர்ந்துவிடும் என்பதை நினைவூட்டவும் ஓர் ஆள் வேண்டும். (சித்தப்பா மூன்று மாதம் ஒரே குப்பியைத் தொங்கவிட்டிருந்தார்!)

சென்ற ஐப்பசியில் அவர் பேத்தியின் பழைய கணக்கு நோட்டில் எண்ணத் தொடங்கினார். 3, 5, 4, 9, 11, 8 என்று போயிருந்தது வரிசை. அன்று மாலையே போனில் கூப்பிட்டு வாசித்துக் காட்டினார். பக்கத்துக் காட்டுக்காரரிடமும் காட்டினாராம். "உனக்கு வேற வேலை இல்லையா" என்றாராம் அவர்.