இரண்டு தெரு

சேத்தன் பகத் 2009ல் எழுதிய 'டூ ஸ்டேட்ஸ்' நாவலைப் படித்தேன். சிரிப்பு வரத்தான் செய்கிறது. அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் பஞ்சாபிப் பையனும் மயிலாப்பூர் பிராமணப் பெண்ணும் காதலிக்கிறார்கள். தடை என்ன? பாஷை, சாப்பாடு, பெற்றோர் வீம்பு. பையன் பெண்ணின் தம்பிக்கு ஐ.ஐ.டி. டியூஷன் எடுக்கிறான், அம்மாவை மேடையேற்றிப் பாட வைக்கிறான். மனசு இளகி, டும் டும் டும்!

இதே கதையைத் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே ஒரு கிராமத்தில் வைத்துப் பாருங்கள். இருவருக்கும் ஒரே பாஷை, ஒரே கூழ், ஒரே டவுன் பஸ். தெரு மட்டும்தான் வேறு. ஒன்று ஊர், இன்னொன்று காலனி. அந்த நூறடியைத் தாண்ட எந்த டியூஷனும் உதவாது.

முருகேசனும் கண்ணகியும்கூட அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள்தான். முருகேசன் தலித், கண்ணகி வன்னியர். 2003 மே மாதம் பதிவுத் திருமணம். அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த மூங்கில்துறைப்பட்டில் தங்கியிருந்த கண்ணகியை இழுத்து வந்து, ஜூலையில் விருத்தாசலம் அருகே இருவருக்கும் விஷம் ஊற்றிக் கொன்றார்கள். கீழ்க்கோர்ட் தீர்ப்பு சொல்லவே 2021 ஆனது.

பகத் மேல் கோபமில்லை. தனக்குத் தெரிந்ததை எழுதினார். அதையே இந்தியக் காதலின் கதை என்று கொண்டாடும் நம் மேல்தான் கோபம். மாநிலம் தாண்டினால் காமெடி. தெரு தாண்டினால் கொலை.

ஊர்ப் பெண்ணும் காலனிப் பையனும் சண்டை போட்டு, சேர்ந்து, பிள்ளைகளோடு இரண்டு வீட்டிலும் பொங்கல் சாப்பிடுகிற ஒரு தமாஷ் நாவலை யாராவது எழுதுங்களேன். யாரும் நம்ப மாட்டார்கள் என்கிறீர்களா? பிரச்னையே அதுதான் சார்.