இரவல் நா எதற்கு?

2022ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் ‘சாட்ஜிபிடி’ என்னும் உரையாடற் கருவி பொதுமக்கள் கைக்கு வந்தது. அந்நாள் தொட்டுச் செயற்கை நுண்ணறிவின் புகழ் பாடாத மேடை இல்லை. கடிதம் எழுதித் தரும், கவிதை புனைந்து தரும், கட்டுரை வரைந்து தரும், மொழிபெயர்த்தும் தரும் என்கிறார்கள். தமிழ்ச் சங்கங்களின் வாயிலுக்கும் இப்பேச்சு வந்துவிட்டது. வரவேற்புரையையும் வாழ்த்துப்பாவையும் நொடியில் பெறலாமே, புலவரைத் தேடி அலைவானேன் என்று கேட்பவர் நம்மிடையே உளர். குழந்தைகளுக்குத் தமிழ் எழுதக் கற்பிக்கும் தேவையே இனி இல்லை என்று சொல்பவரும் உளர்.

இக்கூற்றை நாம் மறுக்கிறோம். மருத்துவத்திலும் வானியலிலும் இக்கருவி தரும் நன்மை தீமைகளை அவ்வத்துறை வல்லார் ஆராய்க. தமிழகத்திற்கு வெளியே வாழும் தமிழ்க் குடும்பங்களின் மொழிவாழ்வில் இதற்கு எவ்வளவு இடம் தரலாம் என்பதே நம் வினா. நம் வீட்டுத் தமிழை எழுதும் பணியை இதனிடம் ஒப்படைத்தல் ஆகாது என்பதே நம் விடை.

பொறிக்கு நாம் பகைவரா?

இவ்வாறு சொன்னவுடன், ‘பழமை விரும்பிகள்’ என்று நம்மைச் சிலர் இகழக்கூடும். இந்நகரங்களுக்கு நம் முன்னோர் வந்த வரலாற்றை அவர்கள் சற்றே எண்ணிப் பார்க்கட்டும். தாராவியில் தோல் பதனிட வந்தவர் உண்டு. ஆலைக்கும் துறைமுகத்துக்கும் இரயில்வேக்கும் வந்தவர் உண்டு. பம்பாயின் மாட்டுங்காவிலும் தில்லியின் கரோல்பாகிலும் கல்கத்தாவின் லேக் மார்க்கெட் பகுதியிலும் குடியேறியவருள் பலர் தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்று வந்தவர். ‘லோயர்’, ‘ஹையர்’ தேர்வுச் சான்றிதழே அவர்கள் கொண்டுவந்த பெருஞ்சொத்து. பம்பாயில் கோத்ரெஜ் நிறுவனத்தார் 1955இல் இந்நாட்டிலேயே தட்டச்சுப் பொறி செய்தபோது அதைத் தட்டிய விரல்களில் நம்மவர் விரல்களும் இருந்தன. தமிழ் எழுத்துகளை விசைப்பலகையில் ஒழுங்குற அமைக்க யாழ்ப்பாணத்து முத்தையா உழைத்ததையும் நாம் நன்றியோடு நினைக்கிறோம். பொறி நமக்குச் சோறிட்டது. அதனைப் பழிக்கும் நன்றியின்மை நம்மிடம் இல்லை.

காந்தியடிகளையும் பொறிகளின் பகைவர் என்றே பலர் எண்ணுவர். அவரோ 1924இல் ‘யங் இந்தியா’வில் தம் நிலையைத் தெளிவாக்கினார். தாம் எதிர்ப்பது பொறியின்மீது கொண்ட வெறியையே என்றார். தையற்பொறிக்கு விலக்கும் அளித்தார். மனிதனுடைய உறுப்புகளைச் சூம்பச் செய்யும் பொறி எது, செய்யாத பொறி எது என்று பிரித்தறியச் சொன்னார். அவர் தந்த அளவுகோலையே நாமும் கையில் எடுப்போம்.

தட்டச்சுப் பொறியில் ஒரு சொல் விழவேண்டுமாயின் அச்சொல் முதலில் ஒரு மனிதனின் உள்ளத்தில் பிறக்க வேண்டும். எழுத்துப்பிழை அடிப்பவனுடையது, கருத்துப்பிழை சொல்பவனுடையது. இப்புதிய பொறியோ நாம் சொல்லக் கருதுவதற்கு முன்பே சொல்லி முடிக்கிறது. அன்று நாம் சொல்ல, பொறி அடித்தது. இன்று பொறி சொல்ல, நாம் ஒப்பமிடுகிறோம். சூம்பிப் போகும் உறுப்பு எது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

அறியாததை அறியாத அறிவு

இப்பொறி இயங்கும் முறையைச் சுருங்கக் கூறுவோம். பெருந்தொகையான பக்கங்களில் எச்சொற்களை அடுத்து எச்சொற்கள் வருகின்றன என்னும் வழக்கத்தைக் கணக்கிட்டு வைத்துக்கொண்டு, அடுத்து வரத்தக்கதைக் கணித்து அடுக்கிச் செல்வதே இதன் அடிப்படைத் தொழில். வரத்தக்க சொல் வேறு. மெய்யான சொல் வேறு. இவ்வேறுபாட்டை அது தானாக உணர்வதில்லை.

நியூயார்க் நகரத்தில் 2023இல் வழக்கறிஞர் இருவர் இக்கருவி தந்த முன்தீர்ப்புகளை நம்பி நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டினர். அத்தீர்ப்புகள் உலகில் எங்கும் வழங்கப்படாதவை! நீதிபதி 5,000 டாலர் தண்டம் விதித்தார். நமக்கு அருகில் உள்ள சான்றும் உண்டு. எண்ணைச் சொல்லி ஒரு திருக்குறளைக் கேட்டால், வள்ளுவர் எழுதாத ஈரடியை வள்ளுவர் பெயரால் இக்கருவிகள் நீட்டியதைப் பலர் கண்டிருக்கின்றனர். ‘தெரியாது’ என்று சொல்லும் அடக்கம் அதற்கு அரிதாகவே வாய்க்கிறது.

உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த வரலாற்றை இதனோடு ஒப்பிடுக. ஏடு ஏடாகத் தேடினார். பாடங்களை ஒத்துப் பார்த்தார். சமண சமயக் கருத்துகள் விளங்காத இடங்களில் தமக்குத் தெரியும் என்று நடிக்கவில்லை. சமணப் பெருமக்களின் இல்லம் தேடிச் சென்று கேட்டுத் தெளிந்தார். கேட்டுத் தெளியும் அப்பண்பே புலமை. கேளாமலே எல்லாம் சொல்வதற்கு நுண்ணறிவு என்று பெயரிடுவது தமிழுக்குச் செய்யும் கொடுமை அன்றோ?

அதன் கணக்கில் தமிழ் எங்கே?

இப்பொறிகளின் முன்னோடிகளுள் ஒன்றான ஜிபிடி-3 என்பது 2020இல் வெளிவந்தது. அதற்குப் பயிற்சியளித்த சொற்களில் ஏறத்தாழ 93 விழுக்காடு ஆங்கிலம். எஞ்சிய ஏழு விழுக்காட்டை உலகின் பிற மொழிகள் எல்லாம் பங்கிட்டுக் கொண்டன. தமிழுக்குக் கிடைத்தது எத்துணைச் சிறு துளி என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

எழுத்தின் கணக்கும் அவ்வாறே. கணிப்பொறி பெரிதும் பயன்படுத்தும் குறியீட்டு முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட் கொள்ளும். புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறியீடுகள். ‘தமிழ்’ என்னும் மூன்றெழுத்துச் சொல் ஐந்து குறியீடுகளாய்ப் பிரிந்து பதினைந்து பைட் ஆகிறது. சொல்லைத் துண்டு துண்டாக வெட்டி விழுங்கும் இப்பொறிகள் தமிழை ஆங்கிலத்தைவிட மிகுதியாக நறுக்கின. துண்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் இடங்களில், ஒரே செய்தியைத் தமிழில் சொல்வதற்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதாயிற்று. அண்மைப் பொறிகளில் இந்த இடைவெளி குறைந்துள்ளது, மறைந்துவிடவில்லை.

இவை நாளை சீராகலாம் என்பர். ஆகட்டும். ஆயினும் ஆங்கில வழியே சிந்தித்துத் தமிழ் ஆடை உடுத்தும் பழக்கம் எளிதில் நீங்குமா? தமிழில் ‘நாம்’ உண்டு, ‘நாங்கள்’ உண்டு. கேட்பவரையும் சேர்த்துக்கொள்வது ஒன்று. அவரை விலக்கி நிறுத்துவது மற்றொன்று. ஆங்கிலத்தில் இரண்டிற்கும் ஒரே சொல்தான். ‘நாங்கள் ஊருக்குப் போகிறோம்’ என்றால் கேட்பவர் இங்கேயே இருக்கிறார். ‘நாம் ஊருக்குப் போகிறோம்’ என்றால் அவரும் பெட்டி கட்டவேண்டும். ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கும் பொறி இவற்றுள் ஒன்றைக் குத்துமதிப்பாகத் தேர்கிறது. பெரியப்பாவும் சித்தப்பாவும் மாமாவும் ஆங்கிலத்தில் ஒரே ‘அங்கிள்’. அச்சொல்லிலிருந்து மீண்டும் தமிழுக்கு வரும்போது மூவருள் எவர் வருவார் என்று எவரே சொல்ல வல்லார்? உறவை அறிந்த குழந்தைக்கு இதில் ஐயமே இல்லை. அவ்வறிவு வீட்டில் பிறப்பது. கணக்கில் பிறப்பது அன்று.

‘வெறும் கருவிதானே?’

கருவி நல்லதும் அன்று, தீயதும் அன்று. பயன்படுத்துவோர் கையில் இருக்கிறது என்பது எதிர்வாதம். கண்பார்வை இழந்தவருக்கு நூலைப் படித்துக் காட்டும் பொறியை வாழ்த்துகிறோம். செல்லரிக்கும் பழைய அச்சுப் புத்தகங்களை எழுத்துணர்ந்து காக்கும் பொறியை வரவேற்கிறோம். அங்கே இல்லாத கண்ணுக்கும் எட்டாத கைக்கும் அது துணை. இருக்கும் கண்ணை மூடச் சொல்லும்போதுதான் நாம் மறுக்கிறோம்.

தமிழ் எழுதத் தெரியாத நம் பிள்ளைகளுக்கு இது பாலமாகும், ஆகவே தமிழைக் காக்கும் என்பது மற்றொரு வாதம். இதுவே மிகவும் இனிப்பான வாதம். ஆகவே மிகவும் ஊறு விளைப்பது. தமிழகத்தில் வளரும் பிள்ளைக்குக் கடைப்பலகையும் பேருந்தும் தமிழ் கற்பிக்கும். பூனாவிலும் நாகபுரியிலும் வளரும் பிள்ளைக்கு வீடும் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பும் அன்றி வேறு பள்ளி ஏது? பள்ளியில் இந்தியும் மராத்தியும் ஆங்கிலமும் நாளின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கின்றன. பாட்டிக்கு எழுதும் நாலு வரிக் கடிதம், பொங்கல் வாழ்த்து, போட்டிக் கட்டுரை ஆகிய சிறு வாய்ப்புகளே அவன் தமிழுக்குக் கிடைக்கும் பயிற்சி. அந்த நாலு வரியையும் பொறி எழுதித் தந்துவிட்டால் அவனுக்கு எஞ்சுவது யாது?

ரகரத்துக்கு றகரமும், ளகரத்துக்கு லகரமும் இட்டுக் குழந்தை எழுதிய கடிதத்தைத் திருநெல்வேலியில் பாட்டி எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். பேரன் ஒவ்வொரு சொல்லையும் தேடி வைத்திருக்கிறான் என்பது அவளுக்குத் தெரிகிறது. பிழையற்ற பொறிக்கடிதத்தில் அவள் எதைத் தேடுவாள்? அக்கடிதத்தை எழுத அவன் ஒரு நொடியும் அவளை நினைத்திருக்க வேண்டியதில்லை. பாலம் என்று நாம் நம்புவது, இருவரும் கரையிலேயே நின்றுவிடுவதற்கு ஏற்ற வசதியாய் முடிகிறது.

‘இது தவிர்க்க இயலாதது, எதிர்த்துப் பயனில்லை’ என்பது மூன்றாவது வாதம். வரலாறு அவ்வாறு கூறவில்லை. 1960களில் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் கல்கத்தா அலுவலகத்தில் கணிப்பொறி வைப்பதை ஊழியர்கள் காவலிருந்து எதிர்த்தனர். 1983இல் வங்கி ஊழியர் சங்கங்கள் வங்கிகளோடு அமர்ந்து, பொறிகளை எங்கே, எவ்வளவு, எந்நிபந்தனையோடு ஏற்பது என்று உடன்படிக்கை செய்தன. 2023இல் அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்து, பொறி எழுதியதை எழுத்தாளன் படைப்பாகக் கணக்கிடக் கூடாது என்னும் உறுதியைப் பெற்றனர். இவர்களுள் எவரும் பொறியை உலகிலிருந்து ஒழித்துவிடவில்லை. ஆயினும் அதன் எல்லையை வகுப்பதில் தமக்கும் உரிமை உண்டு என்று நிலைநாட்டினர்.

பொறி செய்தவரே இவ்வெல்லையை வற்புறுத்தியதும் உண்டு. ஜோசப் வைசன்பாம் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1966இல் ‘எலிசா’ என்னும் உரையாடும் நிரலை வெளியிட்டார். நாம் சொல்வதையே திருப்பிக் கேள்வியாக்கும் எளிய தந்திரம் அது. அதனிடம் மக்கள் நெஞ்சைத் திறந்து பேசுவதைக் கண்டு அவர் மகிழவில்லை, அஞ்சினார். பத்தாண்டு கழித்து, 1976இல், தாம் எழுதிய நூலில், கணிப்பொறியால் செய்ய இயன்றாலும் அதனிடம் ஒப்படைக்கக் கூடாத பணிகள் உண்டு என்று வாதிட்டார். பாட்டிக்குப் பேரன் எழுதும் கடிதம் அப்பணிகளுள் ஒன்று என்று நாம் சேர்த்துச் சொல்கிறோம்.

நாம் செய்யத்தக்கவை

சங்கங்களுக்குச் சில சொல்வோம். மாணவர் கட்டுரைப் போட்டியை வீட்டிலிருந்து அனுப்பும் முறையை விடுத்து, மன்றத்தில் அமர்ந்து கையால் எழுதச் செய்க. வழவழப்பான நடைக்குப் பரிசளிப்பதைக் குறைத்து, தான் கண்டதையும் கேட்டதையும் எழுதிய பிள்ளைக்குப் பரிசளிக்க. மலருக்கு வரும் வாழ்த்துரை இரண்டே வரியாயினும் தலைவர் தாமே எழுதியதாய் இருக்கட்டும்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்வோம். திங்களுக்கு ஒரு கடிதம் பிள்ளை தன் கையால் எழுதட்டும். பிழையைத் திருத்தப் பொறியைத் தேடாமல் தாத்தாவைத் தேடட்டும். தாத்தா திருத்தும்போது ஒரு கதையும் சேர்த்துச் சொல்வார், அதுவும் தமிழ்ப்பாடமே. தமிழ் தெரியாத தலைமுறை நம் வீட்டில் ஏற்கெனவே வளர்ந்துவிட்டதாயின், அப்பனும் மகனும் ஒரே பலகையில் அகரம் எழுதுக. அதில் நாணத்தக்கது எதுவும் இல்லை.

நம் முன்னோர் பொழுதெல்லாம் அலுவலகத்தில் பிறர் சொன்ன சொற்களைத் தட்டச்சு செய்துவிட்டு, மாலையில் கூடித் தம் சொந்தச் சொற்களைப் பேசுவதற்காகவே இச்சங்கங்களைத் தோற்றுவித்தனர். கூலிக்கு விரலைத் தந்தார்கள்; நாவைத் தம்மிடமே வைத்துக்கொண்டார்கள். அவர்கள் காத்துத் தந்ததை நாம் வலியச் சென்று ஒரு பொறிக்கு வழங்கலாமா? திக்கினாலும் திணறினாலும் நம் நாவாலேயே பேசுவோம். நம் கையாலேயே எழுதுவோம்.