காத்திருக்காத பாஸ்

எங்க அப்பாவோட கராஜில் ஒரு பழைய ரோடு அட்லஸ் இருக்கு. ரிட்டயர் ஆனதும் ஆர்.வி. வாங்கி, அம்மாவைக் கூட்டிக்கொண்டு அலாஸ்கா வரை போகணும்னு சிவப்புப் பேனாவில் கோடு போட்டு வைத்திருந்தார். ரிட்டயரும் ஆனார். அதற்குள் அம்மாவுக்கு முழங்கால் வலி வந்துவிட்டது. அட்லஸ் பெட்டிக்குள் போய்விட்டது.

எனக்கு 38 வயசு. அதே கனவுதான். 62 ஆகிவிட்டால் தேசியப் பூங்காக்களுக்கு ஆயுள் பாஸ் வெறும் 80 டாலர். ஒவ்வொரு ரிலீஸ் நைட்டிலும், "இன்னும் 24 வருஷம்தான்" என்று கணக்குப் போடுவேன்.

போன மாதம் மகள் ஒரு தாளை நீட்டினாள். நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதே பூங்காக்களில் நுழைவு இலவசம். கூட வரும் குடும்பத்துக்கும் சேர்த்துத்தான். "ஆகஸ்ட் முப்பத்தொண்ணோட முடிஞ்சிடும்பா" என்றாள்.

என் பாஸ் எனக்காகக் காத்திருக்கும். அவளுடையது காத்திருக்காது.

இடம் கிடைத்த முதல் வெள்ளிக்கிழமை, லேப்டாப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு, வாடகை ஆர்.வி.யில் பின்னக்கிள்ஸ் கிளம்பினோம். சான் ஹோசேயிலிருந்து பக்கம்தான். அம்மாவுக்கு ஒரு ஸ்டூல் போட்டு, நானும் மகளும் கைகொடுத்து ஏற்றினோம். அப்பா முன் சீட்டில், மடியில் அட்லஸ்.

மறுநாள் காலை பாறைக்கு மேலே காண்டர் கழுகு ஒன்று வட்டமிட்டது. அம்மா புளியோதரைப் பொட்டலத்தைக் கையில் வைத்தபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அப்பா பேனாவை எடுத்து, மேப்பில் குட்டியாய் ஒரு கோடு போட்டார்.

அலாஸ்கா கனவை நான் விடவில்லை. ஆனா உங்க வீட்டில் நாலாம் வகுப்புப் பிள்ளை இருந்தா, இன்னிக்கே காலண்டரைப் பாருங்க.